தொப்பிக்குள் என் குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் நலம். அவருடைய புதுக் கைதான் என் நிம்மதியைக் கெடுத்துவிட்டது.

விபத்தில் வலது கை செயலிழந்தவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் இயந்திரக் கை கொடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஒயர் பதித்த தொப்பியை மாட்டிக்கொண்டு எடுக்க வேண்டும் என்று நினைத்தால் போதும், தோளில் மாட்டிய அந்தக் கை எடுக்கும். ஆனால் ஒரு மாதம், தினமும் அரைமணி நேரம், அவர் நினைக்க நினைக்க இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கோ ஐந்து நிமிடத்தில் கொட்டாவி. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எடுங்க... வைங்க... எங்க பாக்குறீங்க, எடுங்க!" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டில் கை அருமையாக வேலை செய்தது. நேற்று பரிசோதனை. தேறாவிட்டால் கையை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பாதி திறந்த கதவு வழியே பார்க்கிறேன், மேஜைமேல் தம்ளர், இவர் அதை முறைக்கிறார், கை அசையவே இல்லை.

"சார், நல்லா நினைங்க," என்கிறாள் இன்ஜினியர் பெண்.

"நினைச்சு நினைச்சு தலையே வலிக்குதும்மா."

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் போன் செய்து, அடுப்பில் பால் பொங்குகிறது, என்ன செய்ய என்கிறாள். "எடுத்துக் கீழ வை!" என்று கத்தினேன். உள்ளே கை தம்ளரை எடுத்துத் தரையில் வைத்தது.

இன்ஜினியர் பெண் வெளியே வந்தாள். "மேடம், சார் தானா நினைச்சா இது அசையல. உங்க குரலைக் கேட்டா அவர் மூளையில என்ன ஆகுதோ, அதைத்தான் மெஷின் கத்துக்கிட்டிருக்கு."

"இதக் கண்டுபிடிக்க மெஷினா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான மறுவாரமே சொல்லியிருப்பேனே!" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டில் யாரும் எதையும் தானாகச் செய்வதில்லை என்று இருபது வருடங்களாகப் புலம்புகிறவள் நான். தானாகச் செய்ய ஒரு நொடியாவது விட்டேனா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். முதலிலிருந்து பயிற்சி, நான் இல்லாமல். வாயைத் திறக்காமல் வீட்டிலேயே இருக்கிறேன் என்றேன். "உன்னால முடியாது," என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே குரலில். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் பத்து நாள் தங்க வருகிறேன். அத்தானுக்கு வணக்கமும் முன்னெச்சரிக்கையும், பிள்ளைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: நான் வரவில்லை. இப்போதுதான் பெட்டியை அடுக்கி நகர்த்தப் போனேன். தொப்பியோடு பக்கத்தில் நின்றவரின் அந்தக் கை நீண்டு வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. "விடுங்க," என்றேன். விடவில்லை. "விடுங்கன்னா!" என்று கத்தியும் பார்த்தேன். ம்ஹூம். இன்ஜினியர் பெண்ணுக்கு வீடியோவில் காட்டினால், "அவரே நினைச்சுட்டார் மேடம்! கை இனி உங்களுக்குத்தான்!" என்று குதிக்கிறாள். இவரோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் நினைக்கலப்பா, அதுவாப் புடிச்சிருக்கு," என்கிறார்.