பருவுக்கு மருந்து கேட்டேன், பிள்ளை தந்தார்கள்

முகத்தில் பரு உள்ள பெண்ணைக் கண்டால் இந்தக் கொழும்பில் எல்லாரும் டொக்டர்தான். இருபத்திரண்டு வயதில் எனக்கு வந்தவை சின்னப் பருக்கள் அல்ல. சீழ் கட்டி, தொட்டாலே உயிர் போகிற கட்டிகள். தலையணையில் கன்னம் வைக்க முடியாது. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிஃப்டுக்குள் ஏறினால் போதும். “எண்ணெய்ச் சாப்பாட்டை விடும் பிள்ளை”, “கலியாணம் கட்டினால் சரியாகும்” என்று இலவச வைத்தியம். (கட்டுகிறவன் என் முகத்தைப் பார்க்க வேண்டாமா?)

கடலை மா, வேப்பிலை, பற்பசை எல்லாம் தோற்றன. தோல் டொக்டர் தந்த அன்டிபயோட்டிக்கும் தோற்றது. கடைசியில் அவர் வீரியமான ஒரு மாத்திரையைச் சொன்னார்.

“உதடு காய்ந்து வெடிக்கும். ரத்தம் சோதிக்க வேணும். வயித்தில பிள்ளை இருந்தால் அதுக்குப் பெரிய பாதிப்பு வரும். அதனால எல்லாப் பெண்களுக்கும் முதல்ல கர்ப்பச் சோதனை செய்வம்.”

கூட வந்திருந்த அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். “என்ட பிள்ளையைப் பார்த்து என்ன கதை கதைக்கிறீங்கள்?”

எல்லா நோயாளிகளும் காத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு என்னை இழுத்து வந்தார். “வா வீட்டுக்கு. பருவோடயே இரு, மானமாவது மிஞ்சும்.”

எனக்குள் ஏதோ வெடித்தது. லிஃப்டில் வாயை மூடிக்கொண்டு நின்ற கோபமெல்லாம் ஒன்றாக வந்தது.

“ஏலாது! டெஸ்ட் எடுக்காமல் நான் வரமாட்டன். கர்ப்பமா இல்லையா எண்டு இண்டைக்கே தெரிய வேணும்!”

கூடத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முழங்கால் வலிக்கு வந்து மூலையில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி சாந்தி அன்ரி, வலியை மறந்து, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் விறுவிறென்று வெளியே போனார்.

சோதனை எடுத்தேன். கர்ப்பம் இல்லை. அந்த முடிவை யார் கேட்டார்கள்? நாங்கள் வீடு வந்து சேருமுன் கனடா மாமி தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தார். “பெடியன் ஆரடி?”

உதடு உரிய உரிய மாத்திரையை எடுத்தேன். மாதங்கள் போகப் போகக் கட்டிகள் வற்றின. தழும்புகள் மட்டும் மிச்சம். ஆனால் அந்தப் பிறக்காத பிள்ளை பத்து வருஷமாக எங்கள் குடும்பத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். போன தீபாவளிக்கு மச்சாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

“என்னடி, மகன் அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதுறானாமே?”

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: “ஓம், கணக்கிலதான் கொஞ்சம் பிழை விடுறான்.”