பம்பு கம்பெனியின் கெளுத்தியார்

கடலே இல்லாத கோயமுத்தூரில் கெளுத்தியாரைப் போல ஒரு கடல்மீன்காரர் இதுவரை இருந்ததில்லை. இன்னொருவர் வந்தால் என் வயிற்றெரிச்சல் தாங்காது.

எங்கள் பம்பு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். ஞாயிறு விடியலில் உக்கடத்தில் பஸ் ஏறி, பாலக்காடு வழியாகப் பொன்னானி முகத்துவாரத்துக்குப் போவார். திங்கள் மதியம் கெளுத்திக் குழம்போடு வருவார். கேன்டீன் மொத்தமும் அவர் மேஜையைச் சுற்றி நிற்கும். என் தக்காளிச் சாதத்தை ஈ கூட எட்டிப் பார்க்காது.

"ஆம்பளைக் கெளுத்தி முட்டைய வாயிலயே வெச்சுக் காக்குமுங்க. குஞ்சு பொரியற வரைக்கும் வாயே தொறக்காதுங்க" என்பார்.

"நம்ம மேனேஜர் வாயிலயும் நாலு முட்டைய வெச்சு உடுங்க!" என்று யாரோ சொல்ல, கேன்டீன் அதிரும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

பொறாமை தாளாமல், உயர்ந்த ரகத் தூண்டில் கம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிறு நானும் அவரோடு போனேன். அவரிடம் இருந்தது தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு மட்டும். மதியத்துக்குள் அவருக்கு ஏழு மீன். எனக்கு ஒரு கிழிந்த லுங்கி.

"ஏனுங்க, சும்மா சும்மா எதுக்குத் தூக்கிப் பாக்கறீங்க? இது தரையில மேயற மீனுங்க. நரம்புல கட்டுன ஈயம் சேத்துல உக்காரட்டும். கொக்கியில மாட்டுன எறா நாத்தம் அதுக்குப் போய்ச் சேரோணுமல்லங்க?"

முறைத்துக்கொண்டே சொன்னபடி செய்தேன். கம்பு வளைந்தது. அவருடைய ஏழு மீன்களைச் சேர்த்து நிறுத்தாலும் ஈடாகாத ஒரு கெளுத்தி!

"கையில புடிச்சுப்போடாதீங்க, முள்ளு!" என்று அவர் கத்துவதற்குள் அதைக் கட்டிப்பிடித்துவிட்டேன். முதுகு முள் உள்ளங்கையில் இறங்கியது. நான் போட்ட அலறல் பாலக்காடு தாண்டி மதுக்கரை வரை கேட்டிருக்கும்.

அந்நேரம் அவருடைய நரம்பையும் ஏதோ பெரிதாக இழுத்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினார். வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பொறுக்கற சூடுதானுங்க. வலி அடங்கீரும். அப்பறம் ஆஸ்பத்திரிக்கும் போயிரலாம்."

நரம்பும் பாட்டிலும் கடலோடு போயின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் என் மீனின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார். "நம்ம சார் புடிச்சதுங்க. இத்தன பெருசு நானே பாத்ததில்லீங்க." முள்ளைப் பற்றியும் அலறலைப் பற்றியும் மூச்சு விடவில்லை. அந்த மனசின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

போன வாரம், விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் அவரிடம் வந்து, "நானும் வரலாங்களா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்க" என்றார் கெளுத்தியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு அவர்கள் இருவருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கெளுத்தியாருக்கும் பக்கத்தில் எனக்குமாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டேன்.