ஏரியல் கம்பியில் ஒன்பது கஜம்

திருவனந்தபுரம், கோட்டைக்ககம்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி ராமசுப்ரமணியனுக்கு அத்திம்பேர் பிச்சுமணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா விஜயம் சௌக்கியம். பசு சௌக்கியம். நீ சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய ரேடியோப் பெட்டியும் பரம சௌக்கியம். சௌக்கியமில்லாதவன் நான் ஒருத்தன்தான். நீயும் குழந்தைகளும் பட்டணத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஸ்ரீபத்மநாபன் கிருபை செய்யட்டும். அந்தப் பெட்டியை மட்டும் சீக்கிரமாக வந்து எடுத்துக்கொண்டு போய்விடு.

காரணம் கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை இங்கே ரேடியோ நிலையத்தார் காலை முதல் ராத்திரி வரை சங்கீதமும் சொற்பொழிவுமாக ஒரு விசேஷ நாள் நடத்தினார்கள். காலையில் நாகஸ்வரம், மத்தியானம் வீணை, சாயங்காலம் பாட்டு. வித்வான்கள் மூச்சு விட்டுக்கொள்வதற்காக நடுநடுவே பேச்சு. சாயங்காலப் பேச்சு அடியேனுடையது. கச்சேரி கேட்பவர்களின் கடமை என்று தலைப்பு. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நெல் விலை பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டவன் நான். பென்ஷன் வாங்கிய பிறகாவது அவர்களை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, பேச்சின் நடுவில் வேறு ஒரு சமாசாரமும் வைத்திருந்தேன். உன் அக்கா விடியற்காலையில் மாவு அரைக்கும்போது தன் பாட்டுக்கு மெல்லப் பாடுவாள். நான் உள்ளே நுழைந்தால் டக்கென்று நிறுத்திவிடுவாள். அதனால் குளத்தில் குளித்துவிட்டு வந்ததும் கொல்லைக் கதவுக்கு வெளியே ஈர வேஷ்டியோடு அசையாமல் நின்று, அவள் பாடி முடித்த பிறகுதான் உள்ளே போவேன். இது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. "என் அகத்தில் ஒருத்தி பாடுவதை நான் இப்படித்தான் கேட்கிறேன், கேட்பவன் கடமை என்றால் இதுதான்" என்று எழுதியிருந்தேன். இதை நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வராது. நீ நன்றாகப் பாடுகிறாய் என்று திடீரென்று சொன்னால், "ஏன்னா, ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். மைக் வழியாகச் சொன்னால் அவளால் நெற்றியைத் தொட முடியாது அல்லவா? அதற்காகத்தான் இத்தனை பாடு. மற்றபடி ஊர் திருந்தினால் என்ன, திருந்தாவிட்டால் எனக்கென்ன.

ஒரு வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் பண்ணினேன், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெருவில் எல்லோரையும் அகத்துக்கு வந்து கேட்கச் சொல்லி அழைத்தேன். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் கோமதிநாயகம் பிள்ளையிடம் பெட்டியின் குமிழைத் திருப்பும் பொறுப்பை ஒப்படைத்தேன். அன்றைக்குக் கோட்டு, தலைப்பாகை, அங்கவஸ்திரம் எல்லாம் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனால், அங்கே என்னை யார் பார்க்கப்போகிறார்கள்? மைக்கைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அங்கிருந்த உத்தியோகஸ்தர், "சாரே, பேடிக்கண்டா, மைக் கடிக்கில்லா" என்று மலையாளத்தில், பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்னார். எப்படியோ பேசினேன். அந்த இடம் வந்தபோது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது என் கால் தரையில் பாவவில்லை. வாசலிலேயே மாலை போடுவார்கள் என்று நினைத்து அங்கவஸ்திரத்தைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், கூடம் நிறைய ஜனம், சந்தை மாதிரி பேச்சு. பெட்டி மட்டும் வயிற்றுவலிக்காரன் மாதிரி கொர்ரென்று முனகிக்கொண்டிருக்கிறது. பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, கோவிச்சுக்கிடாதீய. ஒரு வார்த்தை கேக்கல. காலையில மேளம், மத்தியானம் வீணை எல்லாம் நல்லாத்தான் கேட்டுது. அதுக்குப் பொறவு என்னத்தைத் திருப்பினாலும் உறுமுது. கொல்லையில வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பெட்டிக்காக ஓட்டுக்கும் பலா மரத்துக்கும் நடுவே உயரத்தில் ஒரு ஏரியல் கம்பி கட்டச் சொன்னாயே, அந்தக் கம்பியில் உன் அக்காவின் ஒன்பது கஜம் மடிப்புடவை ஈரம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது! அதன் கனத்தில் கம்பி தொய்ந்து மாட்டுக் கொட்டகைத் தகரத்தின்மேல் படிந்து கிடக்கிறது. "எடுத்துப் போட வேண்டியதுதானே ஐயா?" என்று கத்தினேன். பிள்ளை ரெண்டு அடி பின்னால் போனார். "நானா? நல்லாருக்கு சாமி! நாளைக்கு உங்க அப்பாவுக்குத் திவசமாம்லா. அந்தப் பொடவையைக் கட்டிக்கிட்டுத்தான் அம்மா சமைக்கணுமாம். நான் தொட்டா மடி போயிரும். பாவம் எனக்கு வேண்டாம்." அடுத்த தெருப் பள்ளிக்கூட டீச்சர் ஓமனா, "அய்யோ சாரே, மடியாணு, தொடருதே!" என்று மலையாளத்தில் கூவி, தொடக் கூடாது என்று என்னையே குறுக்கே நின்று தடுத்தாள். கோட்டும் தலைப்பாகையுமாக ஊர் சுற்றி வந்த எனக்கும் தொட அதிகாரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு புடவைக்கு இத்தனை பேர் பயப்படுகிறார்களே, என் பேச்சுக்கு ஒருத்தராவது பயந்தார்களா?

தொடக்கூடியவள் எங்கே என்று கேட்டால், கோவிலுக்குப் போனாளாம். அன்றைக்கா? அந்த நேரத்திலா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் போன பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தாள்.

"ஏன்னா, பேசியாச்சா?"

"பேசியாச்சு. நீ எங்கே போய்த் தொலைஞ்சே?"

"கோவிலுக்கு. தீபாராதனையை உங்களுக்காக நிறுத்தி வைப்பாளா?"

"அது போகட்டும். ஏரியல்ல புடவையை யார் போடச் சொன்னா?"

"அத்தனை உசரத்துல ஒரு கம்பி. காக்காகூட இடிக்காது. மடிக்கு அதைவிட என்ன வேணும்? உங்கப்பா திவசத்துக்குத்தானே ஒணத்தினேன், என் பாட்டியோட கல்யாணத்துக்கா?"

மறுநாள் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்துதான் கோலால் புடவையை எடுத்தாள். உடனே பெட்டி கணீரென்று வாயைத் திறந்தது. யாரோ தென்னைக்கு எரு போடுவதைப் பற்றி ஒரு அட்சரம் பிசகாமல் பேசினான். திவசம் நல்லபடியாக நடந்தது. சமையலில் ஒரு குறையும் சொல்லக் கூடாது. ஆனால் எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை. இன்னொரு தடவை பேசட்டுமா என்று நிலையத்தில் கேட்டு அனுப்பினேன். ஒரு பேச்சு ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார்கள். எழுதின காகிதம் மேஜைமேல் கிடக்கிறது, அதை அவளிடம் கொடுத்து வாசி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாருக்காகச் சொன்னேனோ அவளைத் தவிர ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கும். மனசு ரொம்ப விட்டுப்போயிற்று ராமு. இந்தப் பெட்டி இனிமேல் என் கண்ணில் படக் கூடாது.

உனக்கும் உன் பாரியாளுக்கும் குழந்தைகளுக்கும் சகல ஐசுவரியமும் உண்டாகட்டும். வரும்போது பெட்டியைக் கட்ட நல்ல கயிறாகக் கொண்டு வா.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
பிச்சுமணி.

பின்குறிப்பு: ராமுவுக்கு அக்கா எழுதறது. தபாலில் போடச் சொல்லி அத்திம்பேர் என்கிட்டேதான் கொடுத்தார். சோத்துப் பருக்கையால ஒட்டியிருந்தார், காயறதுக்குள்ளே பிரிச்சுட்டேன். நீ பெட்டியை எடுத்துண்டு போக வராதே. அவர் கதவைச் சாத்திண்டு பாடம் பண்ணினாரே, அந்த ஒரு வாரமும் நான் வெளியே நின்னு கேட்டுண்டுதான் இருந்தேன். அந்த வரி வரச்சே கூடத்துல இருக்கற அத்தனை பேரும் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்ப்பாளே, நினைச்சாலே உடம்பு கூசித்து. அதான் புடவையைக் கம்பியில போட்டேன். மடின்னா ஒருத்தரும் கிட்டே வரமாட்டான்னு தெரியும். கோவிலுக்கும் போகலை. கோட்டை வாசலுக்கு வெளியே சர்க்கார் வச்சிருக்கற பொது ரேடியோவுக்குக் கீழே, வண்டிக்காராளுக்கு நடுவில நின்னு முழுக்கக் கேட்டேன். அங்கே நான் யார் ஆத்துக்காரின்னு யாருக்கும் தெரியாது, நன்னா அழ முடிஞ்சுது. அந்த இடத்துல ஒரு வண்டிக்காரன் பேச ஆரம்பிச்சான், "சும்மா இரு"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். இதெல்லாம் அவருக்கு எழுதிடாதே. எழுதினா அப்புறம் கொல்லைக் கதவுகிட்டே வந்து நிக்கமாட்டார். அவர் நிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கார், அசடு. எத்தனை நாள் மாவெல்லாம் வழிச்சு எடுத்தப்புறமும் வெறும் கல்லைச் சுத்திண்டு பாடியிருக்கேன்.