சனிக்கு ரெண்டு நிமிசம்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, எஞ்சினையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அடி வாங்காமல் வீடு திரும்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு 'ரெண்டு நிமிசம்' அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பகலில் அவர் ரிக் கம்ப்ரஸர் மெக்கானிக். ஊரின் காது கிழிவதற்கு அவரும் ஒரு காரணம். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டால் மட்டும் உலகமே வாயை மூட வேண்டும் அவருக்கு. வீட்டுக்குப் பின்னால் போர்வெல் கேசிங் பைப் ஒன்றை நட்டு, உள்ளே கான்கிரீட் ஊற்றி, அதன் தலையில் டெலஸ்கோப்பை உட்கார வைத்திருந்தார். கண் வைக்கிற இடத்தில் ஒரு கேமரா. கோளை ரெண்டு நிமிஷம் வீடியோ எடுப்பார். அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் ஆடாமல் விழுந்தவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். அந்த ரெண்டு நிமிஷத்தில் தெருவில் எது அதிர்ந்தாலும் படம் கலங்கிவிடும்.

அதனால் வாசலுக்கு வந்து "ரெண்டு நிமிசம் சாமி" என்று கும்பிடுவார். லாரி டிரைவர், பைக்கில் பறக்கும் காலேஜ் பையன், மாவரைக்கிற என் மனைவி, யாருக்கும் விலக்கில்லை. நம்பாதவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போவார். பைப்பின் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பார்.

"உங்க வண்டி நிக்கறது அங்க. எங்கூட்டுத் தண்ணி ஆடறது இங்க. பாத்துக்கங்க."

டம்ளரில் மெல்லிய வளையங்கள் ஓடும். சாட்சி அவ்வளவு பலமாக இருந்ததால் டிரைவர்கள் வாதாடாமல் போய் எஞ்சினை அணைப்பார்கள்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைப் பார்க்கப் போனால் நமக்குச் சோதனை. யுரேனஸ் என்று ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டினார். நெப்டியூன் என்று அதைவிடச் சின்னதாக ஒரு நீலப் புள்ளி. தூசு என்று நினைத்து நான் திரையைத் துடைத்துவிட்டேன். அன்று அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவர் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் அவர் அக்கா, இந்தப் புள்ளிகள் ஆகாது. சனிதான் வேண்டும், அதுவும் வளையத்தோடு. ஊரே சனியின் பார்வை படக்கூடாதென்று எள் விளக்கு போட, அக்கா சனியைச் சட்டம் போட்டு மாட்டக் கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து வைத்திருந்தார். ஆனால் வளையம் நம் பார்வைக்கு வருஷா வருஷம் சாய்ந்து மெலிந்துகொண்டே வந்தது. அடுத்த வருஷம் வெறும் கோடாகிவிடும், மறுபடி நன்றாக விரியப் பல வருஷம் ஆகும் என்றார் அண்ணன்.

அக்காவுக்கு அத்தனை வருஷம் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நுரையீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. கோயமுத்தூர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கூடவே ஒரு ஆக்சிஜன் மிஷினும் வந்தது.

அதற்குள்ளும் இருப்பது ஒரு சின்னக் கம்ப்ரஸர். பின்னறையில் அது ஓட, சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளர் தண்ணீர் ஆடியது. கான்கிரீட்டில் நட்ட பைப்பை நகர்த்த முடியாது. மிஷினை மாற்றி வைக்க வேறு அறையும் இல்லை. அண்ணன் மிஷினுக்கடியில் லாரி டயரை வெட்டிப் போட்டார். அதற்கும் அடியில் ஒரு நார் மெத்தை. தனக்குக்கூட இத்தனை சொகுசு செய்து தந்ததில்லை என்று அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த ஒரு சாயங்காலம் நானும் அங்கிருந்தேன். தெருவில் சத்தமே இல்லை. அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு நிமிசந்தானுங்களே. இதை நிறுத்திப்போட்டு எடுங்க. நான் தாங்கிக்குவேன்."

ஊரையெல்லாம் ரெண்டு நிமிஷம் கேட்ட மனிதர், டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

"அது ஓடட்டும் புள்ள. ஆடுனா ஆடீட்டுப் போவுது."

சொல்லிவிட்டு வீடியோவைத் தொடங்கினார்.

வந்த படத்தில் சனி ஓரம் கரைந்த பணியாரமாக இருந்தது. வளையம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைத்தான் சட்டம் போட்டு ஆணியில் மாட்டினார். அக்கா படுத்தபடியே அதை வெகுநேரம் பார்த்தார்.

"எம் மூச்சும் சேந்து உழுந்திருக்குதுங்க தம்பி" என்று என்னிடம் காட்டினார்.

தை பிறப்பதற்குள் அக்கா போய்விட்டார். மிஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது டம்ளர் வைத்தால் தண்ணீர் அசையாது, அண்ணன் வைப்பதில்லை. டெலஸ்கோப்புக்கு உறை போட்டுவிட்டார். வாசலுக்கு வந்து யாரையும் கும்பிடுவதுமில்லை. லாரிகள் இஷ்டத்துக்கு உறுமிக்கொண்டு போகின்றன. எங்களை ரெண்டு நிமிஷம் கேட்க ஆளில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் இருட்டுகிற நேரத்தில் ரிக் லாரி ஒன்று அவர் வீட்டெதிரே வந்து தானாக எஞ்சினை அணைத்தது. வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணனிடம் டிரைவர் இறங்கி வந்தார்.

"ரெண்டு நிமிசம் போதுங்களாண்ணா? நாலு வேணும்னாலும் நிக்கறேனுங்க."

அண்ணன் எழுந்து பின்பக்கம் போனார். உறையை உருவுகிற சத்தம் கேட்டது.

நான் எங்கள் வீட்டுக் கிரைண்டரை நிறுத்த ஓடினேன்.