கண்மாய் வற்ற வேண்டிக்கொண்டவன்

வறண்ட ஊர்க்காரன் நிறைந்த தண்ணீரைப் பார்த்தால் புத்தியும் கொஞ்சம் நனைந்துவிடும். எனக்கு முழுதாக நனைந்தது.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் ஒன்பது வருஷம் கழித்து நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே வழிந்து போனது. (எண்ணி வைத்திருந்தவன் நான்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தப் புத்தி போகாது.) கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் மருமகன் சரவணன் புதிதாக வாங்கிய ட்ரோனோடு வந்திருந்தார். மறுநாள் பாளையம்பட்டியில் அவர் தனியாகப் பிடித்த முதல் பெரிய கல்யாணம். ட்ரோன் படம் உண்டென்று வாக்கும் கொடுத்திருந்தார்.

"கண்மாய மேலருந்து ஒரு படம் எடுங்க மாப்ள."

"கரையில நின்னு ஏத்துறேன் மாமா."

"கரையெல்லாம் கருவேல முள்ளு. மாட்டிக்கிட்டா நாளைக்கு என்ன செய்வீக? நடுத்தண்ணியில போயி ஏத்துங்க."

மீன் குத்தகைக்காரரின் படகில் ஏறினோம். ஓட்டியவர் கருப்பையா. படகு போகும்போதே மருமகன் ட்ரோனை மேலே ஏற்றினார். அது உயரே நிற்க, படகு மறுகால் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். நான் பேட்டரியைப் பார்த்தேன்.

"நாப்பது மாப்ள."

"போதும் மாமா."

"முப்பத்தஞ்சு."

முப்பதானதும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் தானாகத் திரும்பி வரும் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். அமுக்கியதோடு ரிமோட்டையும் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

ட்ரோன் திரும்பியது. எங்களிடம் அல்ல, கிளம்பிய இடத்துக்கு. அங்கே இப்போது படகு இல்லை.

"மாமா, ரிமோட்டக் குடுங்க."

"பதறாதீங்க மாப்ள, அதுக்கு வழி தெரியும்."

"வாத்தியாரே, அது குளிக்கப் போகுது" என்றார் கருப்பையா.

அவசரமே இல்லாமல், பதவிசாகத் தண்ணீரில் உட்கார்ந்தது. அப்புறம் காணோம். கருப்பையா முங்கி முங்கிப் பார்த்துச் சகதியோடு எழுந்தார்.

மருமகன் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, அணைத்துப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் மாப்பிள்ளை அழைப்பை அவர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று எடுத்தார். கீழே ஏணியைப் பிடித்தவன் நான். பாதி ஏறியவர் குனிந்து, "மாமா, படிய எண்ணாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டுமென்று ஊரே கும்பிட்டது. வற்ற வேண்டுமென்று கும்பிட்டவன் நான் ஒருவன். என் சாமிதான் கேட்டது. கோடையில் சேற்றோடு சேறாக ட்ரோன் கிடைத்தது, ஒன்றுக்கும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கண்மாயும் நிறையவில்லை.

இப்போதும் வானம் இருட்டினால் மகள் கேட்கிறாள்: "அப்பா, தண்ணியில எதையும் தொலைக்கலையே? பெய்யச் சொல்லலாமா?"

மருமகன்கூடச் சிரிக்கிறார். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.