இலஞ்சிக் கிளையில் கொடி ஏறவில்லை

பாதிக் கம்பத்தில் நின்றுகொண்டு, கொடி மேலேயும் போகமாட்டேன் என்றது, கீழேயும் வரமாட்டேன் என்றது.

"இன்னும் ஒரு இழு இழும்வே" என்றார் நாகராஜன்.

சிவசைலம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். உச்சியில் இருந்த கப்பி கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அதோடு சரி.

"தெய்வநாயகம் மேல இருந்து பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கான்."

"செத்த மனுசனை ஏன்வே இழுக்கீரு? கயித்தை இழும்."

மரபுக் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் உடலைக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தடியில் சற்று நேரம் வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கொடி பாதிக் கம்பத்தில் நிற்கும். தெய்வநாயகத்துக்கு நேற்றுத்தான் பதினாறு முடிந்தது. கொடியை உச்சிக்கு ஏற்றலாம் என்று வந்தால், அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் சேர்த்து இத்தனை மாதம் பாதியிலேயே நின்று பழகிய கயிறு அசைய மறுத்தது.

மற்ற நாளாக இருந்தால் சிவசைலம் போகட்டும் என்று விட்டிருப்பார். நாளைக் காலையில் மாவட்டத் தலைவர் சங்கரநாராயணன் வருகிறார். முப்பது தலையாவது தெரியாவிட்டால் இலஞ்சிக் கிளையைத் தென்காசி நகரக் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து சொல்லியாகிவிட்டது. அவர் காரை விட்டு இறங்கியதும் கொடியைத்தான் பார்ப்பார். "யாரு செத்தது?" என்று கேட்பார். கிளைதான் செத்தது என்று தோன்றிவிட்டால்?

நிலத்தை விற்காதே, ஊரை விட்டுப் போகாதே, பெண்ணை வேலைக்கு அனுப்பாதே. கட்சியின் கொள்கை இந்த மூன்றுதான். இலஞ்சிக்காரர்கள் மூன்றுக்கும் நன்றாகக் கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டுப் போய் நிலத்தை விற்றார்கள், பையன்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள், பெண்களையும் பின்னாலேயே அனுப்பினார்கள். கம்பத்தைச் சுற்றி வயலாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது சாரல் நகர். சுரண்டையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் புனலூரிலிருந்தும் வந்தவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். கிளையில் மிஞ்சியது செயலாளர் சிவசைலமும் பொருளாளர் நாகராஜனும்தான்.

சிவசைலத்தின் மகன் விஜயசங்கரும் பெங்களூருக்குப் போனவன்தான். அம்மா இறந்ததிலிருந்து, "தனியா எதுக்குப்பா கெடக்கீங்க, இங்க வந்திருங்க" என்று நச்சரிக்கிறான். "கிளை இருக்கறவரைக்கும் நான் இங்கன. கிளை இல்லைன்னா வந்திருதேன்" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம்தான் அது. பதினோராம் மாடி. பால்கனியில் நின்று பார்த்தால் நிறையப் பேர் தெரிந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. மருமகள் நல்ல பெண், வேளைக்குச் சோறு போட்டாள். ஆனாலும் அவருக்கு அங்கே இருந்த நாளெல்லாம் யாரோ ஒருவருடைய பெட்டியைத் தவறுதலாகத் தூக்கி வந்து அந்த வீட்டில் வைத்துவிட்டதுபோல இருந்தது. அந்தப் பெட்டி அவர்தான்.

அதனால்தான் இப்போது இந்த இழு இழுத்தார்.

"ஏணி வச்சு ஏறிப் பார்ப்போம்" என்றார்.

"யாரு ஏறுதது? எம் மூட்டு தெரியும்லா ஒமக்கு."

"நான் ஏறுதேன்."

பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சேக் தாவூது ஏணியைக் கொடுத்தார். "ஆள் வரட்டும் அண்ணாச்சி, நீங்க ஏறாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார். அதற்குள் கடையில் பால் பொங்கியது. அவர் உள்ளே ஓடினார். இவர் மேலே ஏறினார்.

நாலு படிதான். தலை கிர்ரென்று சுற்றியது. பிடிமானத்துக்குக் கயிற்றைப் பிடித்தார். இவ்வளவு நேரம் அசையாத கயிறு அப்போது பார்த்து அவிழ்ந்தது. கீழே கட்டியிருந்த நுனி விர்ரென்று மேலே போய், ஏணிக்கும் எட்டாத உயரத்தில் நின்று ஆடியது. கொடி பாதியிலேயே நின்றது, இனிமேல் இழுக்கவும் வழியில்லை. சிவசைலம் எப்படியோ இறங்கி, கம்பத்தடியில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார்.

"என்னவே? என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் படுத்துக்கிடுதேன்."

குற்றால மலையிலிருந்து சாரல் இறங்கியது. நண்பன் முகம் நனையக்கூடாதே என்று நாகராஜன் தன் துண்டை எடுத்து அவர் முகத்தின் மேல் விரித்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, தன் முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாரல் நகர்க் கார் ஒன்று மெதுவாக வந்தது. நின்றது. உள்ளே இருந்தவர் பாதிக் கம்பத்துக் கொடியைப் பார்த்தார், துண்டு மூடிய முகத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைக்கும் கிழவரைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"யாருவே அது, நம்மளைக் கும்பிட்டுட்டுப் போறது?" என்றார் நாகராஜன்.

"கட்சிக்கு ஆளு சேருதுன்னு அர்த்தம்" என்றார் துண்டுக்குள்ளிருந்து சிவசைலம்.

பின்னாலேயே ஸ்கூட்டரில் எப்சிபா வந்தாள். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாரல் நகரில் முதல் வீட்டுக்காரி. பதறி இறங்கித் துண்டை எடுத்தாள்.

"தாத்தா! மூஞ்சிய மூடிட்டுப் படுத்திருக்கீங்க? பார்க்கறவங்க என்ன நெனப்பாங்க?"

நாடி பார்த்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கவைத்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்து, "காலைல வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

"முப்பது பேரைக் கூட்டணும் தாயி. போன் பண்ணணும்."

"பண்ணியாச்சுல்லா?"

பண்ணித்தான் இருந்தார். காரியம் முடிந்த கையோடு ரயிலேறிவிட்ட தெய்வநாயகத்தின் மகன் அம்பத்தூரிலிருந்து பேசினான். வாழ்த்துச் செய்தி அனுப்புகிறேன் என்றான். இன்னொருவர் பேரன், "கட்சி இன்னும் இருக்கா தாத்தா?" என்று ஆசையாகக் கேட்டான்.

எப்சிபா போனை வாங்கி அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு டூட்டிக்குப் போனாள். நாகராஜன் மூட்டுக்குத் தைலம் போட்டுக்கொள்ள வீட்டுக்குப் போனார். ஆக, அந்தக் காரில் போனவர் நகர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்ன போட்டார் என்று கேட்டுச் சரிசெய்ய ஒருவரும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவசைலம் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, நாகராஜனையும் கூட்டிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

கூட்டமென்றால் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. சேக் தாவூது வியாபாரத்தை நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சும்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் ரோஜா மாலைகள். நடுவில் தெருக்கோடிப் பேராச்சி மாரில் அடித்துக்கொண்டு, "கொடியை விட்டுப் போனீயளே, கோலூன்றிப் போனீயளே" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மகன் வர நேரமாகும், அதுவரை வீட்டில் தொந்தரவு பண்ணக்கூடாது, உடலை எப்படியும் கம்பத்தடிக்குத்தானே கொண்டுவருவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

பேராச்சிதான் முதலில் பார்த்தாள். பாட்டு நின்றது.

"வந்துட்டீயளா?" என்றாள் எரிச்சலாக. "நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு பாட்டு."

டூட்டி முடிந்து வந்த எப்சிபா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நாடி பார்ப்பதுபோலத் தெரியவில்லை. "வழியிலதான் தாத்தா போனையே பார்த்தேன். நானே கதவைச் சாத்திட்டு வந்தேனேன்னு..."

சேக் தாவூது தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "ஏணியைக் கொடுத்தது நான்லா அண்ணாச்சி. ராத்திரி முழுக்க உறக்கம் இல்லை" என்றார்.

சிவசைலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஜோயல், முத்துசெல்வி, புனலூர்க்காரர், தையல்கடைக்காரர், அவர் பெண்டாட்டி. எல்லாரையும் பேர் சொல்லி அழைக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

அப்போது கார் ஹாரன் கேட்டது.

"வே, தலைவர் வந்துட்டாரு!" நாகராஜன் அவர் காதில் கிசுகிசுத்தார். "கூட்டம் இருக்கு. வாயைத் தொறக்காதேயும்."

சிவசைலம் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லாரும் ஒரு அரைமணி நேரம் இருந்துட்டுப் போங்க. எனக்காக."

துக்கம் கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போவார்களா? இருந்தார்கள்.

சங்கரநாராயணன் இறங்கினார். எழுபதைத் தாண்டியவர், ஓட்டுநர் இசக்கி கையைப் பிடித்துத்தான் இறக்கினான். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவர் கழுத்தில் போட்டார்கள். பிணத்துக்கு வாங்கின மாலை என்று அவருக்கு யார் சொல்வது?

அண்ணாந்து கொடியைப் பார்த்தார். "யாரு செத்தது?" என்ற கேள்விக்குச் சிவசைலம் தயாரானார்.

"கொடி நல்லா கம்பீரமா பறக்குது" என்றார் தலைவர். வணக்கம் வைத்தார்.

பிறகு பேசினார். வயலை அழித்து வீடு கட்டினவர்களால் ஊர் கெட்டது என்றார். எங்கிருந்தோ வந்தவர்களால் ஒட்டு உறவு அற்றுப்போனது என்றார். வண்டியில் ஏறி வேலைக்குப் போகும் பெண்களால் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்றார். சாரல் நகர்க்காரர்கள் எழவு வீட்டு மரியாதையோடு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க விழித்த எப்சிபா, தூக்கம் சொருகும் கண்ணோடு சிவசைலத்துக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தலைவருக்குத் தொண்டை கட்டியது. சேக் தாவூது டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நம்ம கட்சிக்காரன் போட்ட டீயின்னா அது தனி ருசிதான்" என்றார் தலைவர்.

சிவசைலம் எழுந்தார். நாகராஜன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். இந்தத் தடவை அசையாமல் நின்றது கயிறு இல்லை, சிவசைலம்.

"தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. இதுல கட்சி நாங்க ரெண்டு பேருதான். மத்தவங்க எல்லாம் நான் செத்துட்டேன்னு நெனச்சு வந்தவங்க. நீங்க ஏசுதீங்களே, அவங்கதான் இவங்க. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி கொண்டுவருதவங்க. கிளையை மூடணும்னா மூடிருங்க. இனிமே இவங்களை ஏசக் கேட்டுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

சொல்லிவிட்டார். பதினோராம் மாடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

தலைவர் கழுத்து மாலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"செத்ததுக்கு வந்த கூட்டமா?" என்றார் மெதுவாக. "நான் செத்தா இதுல பாதி வருமா அண்ணாச்சி?"

சேக் தாவூது காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"கிளை இருக்கட்டும்" என்றார் தலைவர். "நீங்க இருக்கறவரைக்கும் இருக்கட்டும்." மாலைகளோடேயே நடந்துபோய்க் காரில் ஏறினார், ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கி கார்க் கதவைச் சாத்தினான். சிவசைலம் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். ஒன்று மட்டும் அவர் மனதைக் குடைந்துகொண்டிருந்தது.

"ஏ இசக்கி, கொடி பாதிக் கம்பத்துல நிக்கி. தலைவர் அண்ணாந்து பார்த்தாரு. யாரு செத்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கலியேப்பா?"

இசக்கி காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவரு தலைவரா ஆனதுல இருந்து நாங்க போகாத ஊரு இல்ல அண்ணாச்சி. எல்லா ஊர்லயும் ஒருத்தருக்குப் பதினாறு முடியுததுக்குள்ள அடுத்தவரு போயிருதாரு. நம்ம கொடியோட உசரமே அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."