அவரைமாவு சூயிங்கம்

பேத்திக்கு என் அம்மாவின் பெயரை வைத்தே தீருவதென்று முடிவெடுத்திருந்தேன். ஜோதியம்மாள். கடவுளே வந்து வேண்டாமென்றாலும் கேட்பதாக இல்லை. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் கடவுள் வரவில்லை, சளிக்காய்ச்சல் வந்தது.

பெயரை மாமாவே முடிவு பண்ணட்டும் என்று மருமகன் ஹரீஷ்குமார் பெருந்தன்மையாக விட்டிருந்தார். நான் மனதில் வைத்திருந்தது என் மனைவி சுகுணாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்குக் குழந்தை பக்கமே வரக்கூடாது" என்றாள்.

"நான் தாத்தா. காதுல பேர் சொல்றது நான்தான்."

"பேரா போவும்? எச்சில்தான் தெறிக்கும். பச்சக் குழந்தைங்க அது."

கோபத்தில் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அங்கே என் குரலுக்கு மெஷினே நிற்கும். வீட்டில் பிரேக் அவள் காலடியில் இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு போனைத் தடவினேன். ஒரு செய்தி கண்ணில் பட்டது. வெளிநாட்டில் அவரைக்கொட்டை மாவைச் சூயிங்கத்தில் சேர்த்துப் பார்க்கிறார்களாம். அதிலுள்ள புரதம் எச்சிலில் இருக்கிற ஃப்ளூ கிருமியைப் பிடித்துக்கொள்கிறதாம். ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்ததோடு சரி, கடைக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன? அவரைக்கு நம்ம ஊரில் பஞ்சமா?

போனை நீட்டினேன். சுகுணா நிதானமாகப் படித்தாள்.

"சரி, நானே செஞ்சு தர்றேன். மென்னுக்கிட்டே வாங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் மிக்சி ஓடியது. பெட்டிக்கடை சூயிங்கத்தைச் சூடாக்கி, அவரைமாவைக் கொட்டிப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டை கொண்டுவந்தாள்.

"இவ்ளோ பெருசா?"

"கிருமி நெறைய இருக்குதில்ல. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு கதவாண்ட நில்லுங்க. நேரம் வந்ததும் கூப்பிடறேன்."

நாலு தடவை மென்றதுமே மேல்தாடை கீழ்த்தாடையோடு ஒட்டிக்கொண்டது. ரோட்டுக்குப் போடும் தாரே தேவலை.

ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். மகள் அருணா மடியில் குழந்தை. "என்ன பேரு மாமா?" என்றார் மருமகன்.

"ம்ம்ம்" என்றேன்.

"அவருக்குத் தொண்டை சரியில்ல, என்கிட்ட சொல்லிட்டார்" என்றாள் சுகுணா. "எங்கம்மா பேரத்தான் வெக்கணுமாம். ராஜாத்தி."

பாரூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கத்தினேன். "ம்ம்ம்" மட்டும் வந்தது. கையை ஆட்டினேன். ஆசீர்வாதம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பல்லைப் பிரிக்க முழு பலத்தோடு மென்றதில் தலை மேலும் கீழும் ஆடியது.

"பாருங்க, தலையாட்டறார்" என்றபடி சுகுணா குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லி முடித்துவிட்டாள்.

குழாயடிக்கு ஓடி, விரலை விட்டு நோண்டித் துப்பினேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"மெதுவா பேசுங்க. மாப்பிள்ளை மாதிரி உண்டான்னு அம்மா அங்க எல்லார்கிட்டயும் சொல்லி அழுவுறாங்க. பேரு மாத்தணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க."

போகவில்லை. காய்ச்சல் விட்டது. கோபம் விடவில்லை. மாமியாரும் ஊருக்குத் திரும்பவில்லை.

இப்போது பேத்தியை ஆசையாக "ராஜாத்தி" என்று கூப்பிட்டால், சமையலறையிலிருந்து பதில் வருகிறது: "என்னங்க மாப்பிள்ளை?"